மச்சி கேட்ட மாப்பு

யூலை 8, செவ்வாய்
சோளகக் காத்து விடாம அடிக்குது. கூட்டக் கூட்ட முற்றத்தில மணல்.
எங்கட பூனை வெள்ளைச்சியின்ர மூண்டு குட்டியும் இல்லை. எங்கட அடுப்படிப் புகைக்குப் பயந்து, அடுத்த வளவு ரமீசா மச்சி வீட்டுக்குக் கவ்விக்கொண்டு போயிருக்குது. கிடத்தின இடம் மச்சியின்ர உம்ராப் பயணப் பெட்டி. புது அபாயாவுக்கு மேல. அவ உரப்பையில கட்டிச் சந்தைப் பக்கம் எறிவிச்சுப்போட்டா. கண் திறக்காத குட்டிகள். போய்க் கேட்டன்.
"மக்காவுக்குக் கொண்டுபோற உடுப்பு மச்சி! பூனை மூத்திரத்தோட போகச் சொல்றீங்களோ?"
என்ர மனுசன் ஓட்டோவில போய்ப் பாத்தார். வெறும் பை. காகங்கள். மச்சி அவருக்குக் கூடப்பிறந்த ராத்தா, மூத்தவ எல்லே, அவவிட்ட ஒண்டும் கேக்கேல்ல.

யூலை 9, புதன்
வெள்ளைச்சிக்குப் பால் கட்டி வயிறு கல்லு மாதிரி. சுடுதண்ணித் துணியால ஒத்தடம். கடிக்கேல்ல, பாவம். பானைக்குள்ள, கட்டிலடியில எல்லாம் தேடிக் கத்துது. பின்னேரம் அவரின்ர தொப்பியைக் கவ்விக்கொண்டு போய் வச்சு நக்குது. பறிக்கப் போனார். "விடுங்கோ" எண்டன். வெறுந்தலையோட பள்ளிக்குத் தொழப் போனார்.
முடிஞ்சது: சீனி, சவுக்காரம்.

யூலை 11, வெள்ளி
நாளைண்டைக்கு மச்சிக்குப் பயணம். வீடு வீடா மாப்புக் கேட்டுத் திரியிறா. ஒரு மனக்குறையும் வச்சிட்டுப் போகக்கூடாதாம். இங்கயும் வந்தா, வட்டிலப்பத்தோட.
"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா மாப்புத் தாங்கோ மச்சி."
"எனக்குச் செஞ்சதுக்குத் தந்தன். மற்றதை அதிட்டக் கேளுங்கோ." வெள்ளைச்சியைக் காட்டினன்.
சிரிச்சா. "பூனையிட்டயோ? விசரோ உங்களுக்கு?"
"உம்ராவுக்குப் போறது நீங்கதானே."
முகம் கறுத்துப்போச்சு. வட்டிலப்பம் கோழிக்கு.

யூலை 12, சனி
அவர் கோவம். "ராத்தா சாப்பிடவும் இல்லயாம். மாப்புத் தந்தன் எண்டு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போவாய்?"
லுஹர் தொழுது கையேந்தினன். மச்சியின்ர பேர் நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிட்டன். நல்லதும் கேக்கேல்ல, கெட்டதும் கேக்கேல்ல.

யூலை 13, ஞாயிறு
வான் வந்து நிண்டது. சனம் பாத்துக்கொண்டிருக்க, ஏறின மச்சி திரும்ப இறங்கி எங்கட அடுப்படிக்கு வந்தா. வெள்ளை அபாயா கரியில படக் குந்தினா.
"மாப்புத் தா" எண்டா, பூனையைப் பாத்து. மெல்லமாத்தான். எனக்குக் கேட்டது.
தடவக் கை நீட்டினா. ஒரு பிராண்டல். கையில ரத்தம்.
"இப்பவாவது சொல்லுங்கோ மச்சி." கண் கலங்கியிருந்தது.
வான் கோர்ண் அடிக்குது. அவர் வாசல்ல நிண்டு என்னையே பாக்கிறார்.
"அங்க போய் அழுங்கோ" எண்டன்.
போயிட்டா. எனக்கு இன்னும் ஆறேல்ல.