ரேடாருக்கு முழு மதிப்பெண்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே முழு நலத்தோடு இருக்க வேண்டும், இங்கே அப்பா நலம், நான் முக்கால்வாசி நலம். என் வலது கையில் கட்டு, கோணல் எழுத்தைப் பார்த்துப் பதறாதே, காம்பஸ் முள் புறங்கையில் இறங்கிவிட்டது, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

உன் ஆராய்ச்சிக்காகப் பிள்ளைகளின் மன விழிப்பை அளக்க நாலு நாட்டில் நீ கொடுத்த கேள்வித்தாளை என் எட்டாம் வகுப்பிலும் கொடுத்தேன் அல்லவா, எங்கள் பிள்ளைகள் எல்லோரையும் முந்திவிட்டார்கள் என்று போனில் நீ குதித்தாய், எனக்கும் தலைகால் புரியவில்லை. அதிலும் ஒரு பெண்ணுக்கு முழு மதிப்பெண். தலைமை ஆசிரியர் மாடிப்படியில் கால் வைக்கும்போதே சொல்லிவிடுவாள் என்பதால் வகுப்பில் அவளுக்குப் பெயர் ரேடார். சின்னச் சத்தமும் காதில் விழுமா என்ற கேள்விக்கு, எப்போதும் என்று டிக். பிறர் முகம் மாறினால் உடனே தெரியுமா, அதற்கும் எப்போதும். பெருமை தாங்காமல் அவளை முன்னால் உட்கார வைத்து, கண்ணை மூடி மூச்சைக் கவனி, மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றேன். மாட்டேன் என்றாள். வெட்கம் என்று நினைத்து அதட்டினேன், மூடினாள். சத்தமில்லாமல் பின்னால் போய்த் தோளைத் தொட்டேன், தட்டிக்கொடுக்கத்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மேசைமேல் இருந்த காம்பஸை எடுத்துக் குத்திவிட்டாள். கரும்பலகை வரைக்கும் ரத்தம். அப்புறம் மேசைக்கு அடியில் புகுந்து தலையை மறைத்துக்கொண்டு, பெல்ட் வேணாம், இனிமே செய்யமாட்டேன், பெல்ட் வேணாம் என்று கத்தினாள்.

தலைமை ஆசிரியர் அவள் வீட்டுக்குப் போன் போட்டு, பள்ளியை விட்டே நீக்குகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தையல் போட்ட கையோடு உன் அப்பாவை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் அம்மாவின் இரண்டாவது புருஷன், வெல்டர், கதவைத் தாழ் போட்டுவிட்டு பெல்ட்டின் கொக்கிப் பக்கத்தால் அவளை விளாசிக்கொண்டிருந்தான். அவள் அம்மா உதடு கிழிந்து மூலையில் கிடந்தாள். எல்லாம் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. என் அதட்டலால் வந்த வினை அல்லவா. முட்டி வலிக்காரர் உன் அப்பா, கதவை உதைத்தே பெயர்த்துவிட்டார். நான் வாசலில் இருந்த இரும்பு வாளியால் அவன் மண்டையில் போட்டேன், விழுந்த பிறகும் ஒன்று போட்டேன். பாவம் என்று இன்றுவரை தோன்றவில்லை.

அவன் சிறையில், அவள் அம்மா மருத்துவமனையில். வழக்கு முடியும்வரை நீங்களே வைத்திருங்கள் என்று குழந்தைகள் நல அதிகாரி சொன்னதால் ரேடார் உன் அறையில் இருக்கிறாள். எப்படியடி உனக்கு எல்லாம் கேட்கிறது என்றேன். வண்டி நிக்கிற சத்தத்துலயே குடிச்சிருக்காரான்னு தெரிஞ்சிடும் டீச்சர், அம்மாவ பாத்ரூமுக்குள்ள தள்ளிப் பூட்டிடுவேன் என்றாள். கண்ணே, உன் அறிக்கையை எழுதுமுன் கொஞ்சம் நில். நிம்மதியாக விழித்திருப்பவளும் அடிக்குப் பயந்து விழித்திருப்பவளும் உன் தாளில் ஒரே கட்டத்தில்தான் டிக் போடுகிறார்கள். ஏன் என்று கேட்க ஒரு வரி சேர். எல்லா நாட்டுக்கும் சேர், பெல்ட் எல்லா நாட்டிலும் விற்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, பதில் போட மறக்காதே. நேற்று மத்தியானம் கை வலியில் குக்கரை நழுவவிட்டேன், தெருவே எட்டிப் பார்த்தது. அவள் மட்டும் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் தூங்கினாள். இப்போது கேள்வித்தாளைக் கொடுத்தால் அவள் மதிப்பெண் குறையும். குறையட்டும். நீ நூறு வயது நன்றாக இரு.

என்றும் உன்னையே நினைக்கும்,
அம்மா