மார்கழி மதியத் தூக்கம்

2006 ஜனவரி 9, திங்கள்

பொங்கல் கழிந்தால் கோடைக்கால ஆர்டர்களுக்கான ஷிப்மெண்ட் நெருக்கடி தொடங்கிவிடும். பிறகு ஞாயிறுகூடக் கிடையாது. அதனால் வேலை குறைவான மார்கழியில், சாப்பாட்டுக்குப் பின் பனியன் கம்பெனியிலேயே துணி ரோல்களின் மறைவில் சிறிது நேரம் கண்ணயர்வேன். என் வீட்டுக்காரர் இறந்து நான் வேலைக்கு வந்தது முதல் இதுதான் என் ஒழுங்கு. நெருக்கடியில் ஒரு நாளும் நான் விடுப்பு எடுத்ததில்லை.

இதை ஸ்டெல்லா ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன். தைத்த துணிகளில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் எனக்கு அடுத்தபடி இருப்பவள். நான் கண்ணயரும்போது என் மேஜையைப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

இன்று முதலாளி கூப்பிட்டார். "அம்மா, இந்த சீசனுக்கு நீங்க ஊட்டுலயே ரெஸ்ட் எடுங்க. முடியாம மத்தியானத்துல தூங்கிப் போயிடறீங்களாமா. ஸ்டெல்லா பாத்துக்குவா."

"யாருங்க சொன்னது?"

"அவதானுங்க. உங்க மேல இருக்கற அக்கறையிலதான்."

வெளியே வந்தபோது ஸ்டெல்லா என் நாற்காலியில் இருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. ஒங்க ஒடம்புக்காகத்தான் சொன்னேன்."

"ஒடம்ப நான் பாத்துக்கறேன். கையில இருக்கற பீஸ்ல எண்ணெய்க் கறை இருக்குது, நீ அதப் பாரு."

அவள் கறையைத் தேடத் தொடங்கினாள்.

மார்கழித் தூக்கத்தில் சேர்த்த பலம் உடம்பில் அப்படியே இருக்கிறது. இரவு வெகுநேரமாகியும் தூக்கம் வரவில்லை. நாளைக் காலையில் எழுந்து இந்தப் பலத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.