பத்து வினாடியில் ஒரு பீப்பாய்

மார்ச் 4
நிலத்தடி நீர் வரைவுச் சட்டம் என் மேசைக்கு வந்துவிட்டது. எந்த ஆழ்துளைக் கிணறும் நாளுக்கு நான்கு மணி நேரம்தான் இறைக்கலாம். யாருக்கு என்ன பாதிப்பு என்று மூன்று வாரத்தில் நான் அறிக்கை தர வேண்டும். எங்கள் துறை இயக்குநர் சிரிக்கிறார். "எல்லாருக்கும் ஒரே நேரம். இதுல என்னம்மா பாதிப்பு? ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, போதும்."

மார்ச் 6
அக்கா செய்தித்தாளில் பார்த்துவிட்டாள். "நாலு மணி நேரத்துல எத்தனை போர்வைடி அலச முடியும்? என் சலவைக் கடைக்குப் பூட்டு போடத்தான் நீ படிச்சியா?" போனை வைத்துவிட்டாள். அவளுக்காக அறிக்கையை வளைக்க முடியுமா? முடியாது. ஆனால், கேட்டது நியாயமான கேள்விதானே?

மார்ச் 11
இருநூறு லிட்டர் பீப்பாயை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தேன். அக்கா கடைப் பக்கம் போகவில்லை, சொந்தம். காய்கறித் தோட்டத்துச் சின்ன மோட்டார் பீப்பாயை நிரப்ப இருநூறு வினாடி. தண்ணீர் பாட்டில் கம்பெனியில் — பத்தே வினாடி! குழாய் துள்ளியதில் தொப்பலாக நனைந்தேன். காவலாளி துண்டு கொடுத்தார். தலையைத் துவட்டியபடியே கணக்குப் போட்டேன். அதே நான்கு மணி நேரத்தில் இருபது மடங்கு.

மார்ச் 25
அறிக்கை கொடுத்தாயிற்று. நாற்பது பக்கம். இயக்குநர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

ஏப்ரல் 9
சட்டமன்றக் குழுவின் முன் நின்றேன். என் அக்காவுக்குச் சலவைக் கடை உண்டு, அந்தக் கிணற்றை அளக்கவில்லை என்பதை முதலிலேயே சொன்னேன். தண்ணீர் பாட்டில் கம்பெனியின் வக்கீல் எழுந்தார். "நேரம் எல்லாருக்கும் சமம்தானே?"
"சமம்தான் சார். ஆனா பூமிக்குள்ள குறையறது நேரமா, தண்ணியா?"
அவர் காகிதங்களைப் புரட்டினார். குழுத் தலைவி என் அறிக்கையை மறுபடி முதல் பக்கத்திலிருந்து திறந்தார்.
ஜெயிச்சுட்டேனா?

ஜூன் 17
சட்டம் நிறைவேறியது! மணிக்கணக்கு போய் லிட்டர் கணக்கு வந்தது. கிணற்றுக்குக் கிணறு மீட்டர். அக்காவும் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். போன் செய்தாள். "என்னையும் விட்டு வைக்கலையாடி, பாவி?" கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஜூன் 18, மறு வருடம்
ஒன்பது வருடமாக நீர்மட்டம் இறங்கிக்கொண்டே வந்த கண்காணிப்புக் கிணறு. இன்று அளவு நாடாவை இறக்கினால் போன வருடத்தைவிட இரண்டு மீட்டர் மேலேயே நனைகிறது. நம்பாமல் இன்னொரு முறை இறக்கினேன். அதேதான். இயக்குநரைப் போனில் அழைத்துச் சொன்னேன்.
"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார்.
சொன்னேன்.