நாரில் இருந்த ஈரம்

ஸ்ரீரங்கம்,
18-9-1967

அன்புள்ள நண்பன் நசுருதீனுக்கு,

பெரியண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீரம்மாளும் சுகம். பம்பாய்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? பாலக்கரையில் உன் அம்மாவைப் போன வெள்ளிக்கிழமை பார்த்தேன். கண்ணுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அழுகை வந்துவிடும் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டு வரிக்கு மேல் எழுதாதவன் இன்லண்டு லெட்டர் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன் என்றால் விஷயம் இருக்கிறது. நிதானமாகப் படி.

அளவுக் குவளையைக் கண்டாலே கை நடுங்குகிறது, அதனால் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறேன் என்று எழுதியிருந்தாய். நசுரு, உன் கை தப்புச் செய்யவில்லை.

கண்ணாடி இழைக்குப் பர்மிட் கிடைக்காவிட்டால் போகட்டும், காவிரிக்கரையில் வாழைநாருக்கா பஞ்சம் என்று அரியமங்கலம் பட்டறையில் நாரைப் பரப்பி, ரெசின் பசையை ஊற்றி, அடுக்கடுக்காகப் பரிசல் கட்டினோமே. மூன்று வருஷத்துக்கு முன் ஆடிப்பெருக்கு முடிந்த மூன்றாம் நாள் அது நடு ஆற்றில் பிளந்தது. துடுப்புப் போட்ட காத்தான் கரை சேரவில்லை. ரெசின் இறுகுவதற்கு ஊற்றும் மருந்தை நீ அளவு தப்பி ஊற்றிவிட்டாய் என்றார் முதலாளி. அப்படித்தான் இருக்கும் என்று நீயும் தலைகுனிந்தாய். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

போன மாதம் வீரம்மாள் கோயிலுக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், நாரைத் தண்ணீரில் நனைக்காமல் தொடமாட்டாள். பேச்சுவாக்கில், பட்டறை ஒழுகுதுன்னு அன்னைக்கு வீட்ல கொண்டாந்து வச்சீங்களே நாரு, அதுக்கும் நான்தான் தண்ணி தெளிச்சு சாக்குல சுத்தி வச்சேன், முறுகிக் கெடந்துச்சு, ஒடிஞ்சா உங்களுக்குத்தானே சங்கடம் என்றாள். பெருமையாகச் சொன்னாள். இரண்டு நாள் வெயிலில் காயவைத்த நாரடா அது. கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் பட்டறையில் இரண்டு துண்டு செய்தேன். ஒன்று காய்ந்த நாரில், ஒன்று தண்ணீர் தெளித்த நாரில். மருந்து இரண்டுக்கும் உன் அளவுதான். பதினைந்து நாள் தொட்டியில் ஊறப்போட்டேன். காய்ந்த நார்த் துண்டை உடைக்கச் சுத்தியல் வேண்டியிருந்தது. மற்றது வாழைமட்டை உரிவதுபோல் கையோடு வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வீரம்மாளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். காத்தானுக்கும் சேர்த்து அவள்தான் தினம் சோறு கட்டிக் கொடுத்தாள். தாங்கமாட்டாள். அன்று காலையில் சாக்குக் கட்டைப் பிரித்து உள்ளே கைவிட்டுப் பார்த்திருக்க வேண்டியவன் நான். மேலே காய்ந்திருக்கிறது, போதும் என்று சைக்கிளில் ஏற்றினேன்.

நேற்று காத்தானின் அம்மா மாரியாயியைப் பார்த்தேன். நாரைச் சரியாகக் காயவைக்காமல் கொண்டுபோனது நான்தான், நசுருதீன் மேல் தப்பில்லை என்று சொன்னேன். அந்தப் புள்ளையவா மூணு வருசமா மண்ண வாரித் தூத்துனேன், அத வரச் சொல்லு என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

இதைப் படித்ததும் கிழித்துப் போடு. பதிலைப் பட்டறை விலாசத்துக்கு எழுது. வீட்டுக்கு வரும் கடிதத்தை வீரம்மாள்தான் பிரிப்பாள்.

நசுரு, கிளம்பி வா. மாரியாயி அம்மாள் முன்னால் வந்து நில், நான் சொன்னதை மாற்றிச் சொல்லாதே. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது வீரம்மாள் அந்த நார்க் கதையை உன்னிடமும் சொல்வாள். உங்க நார எப்படிப் பாத்துக்கிட்டேன் தெரியுமாண்ணே என்று கேட்பாள். நல்ல காரியம் செஞ்சே தங்கச்சி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. உன்னிடம் வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

உன் கைநடுக்கம் நிற்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,
பெரியண்ணன்