செம்பருந்து, பதினேழாம் இதழ்

ஜனவரி 9

அன்புள்ள தங்கை வாலுவுக்கு,

நான் நலம். அங்கே நீயும் அப்பாவும் எப்படி? போனில் பேசினால் "சரி, சரி" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டைக் காலி செய்யப் போகிறீர்கள் என்று அப்பா சொன்னார். பரண்மேல் என் தகரப் பெட்டி இருக்கும். மற்றதை எடைக்குப் போட்டாலும் வருத்தமில்லை. செம்பருந்து காமிக்ஸ் பதினேழாம் இதழ், 'எரியும் ஆலை', அதை மட்டும் பத்திரமாக எடுத்து அனுப்பு. இங்கே தேடித் தேடி முதல் முப்பது இதழ்களையும் சேர்த்துவிட்டேன். பதினேழு மட்டும் யாரிடமும் இல்லை. கண்ணாடி அலமாரியில் அந்த இடம் விழுந்த பல் மாதிரி இருக்கிறது.

மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து படிப்போமே, ஞாபகம் இருக்கிறதா? நான் வசனம் படிப்பேன். நீ 'டமார்', 'படார்', 'சர்ர்ர்'. ஒரு தடவை நீ போட்ட டமாரில் மாடி வீட்டம்மா பால் பாத்திரத்தையே கீழே போட்டுவிட்டார். அந்த மை வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


ஜனவரி 26

அண்ணா,

பெட்டி கிடைத்தது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்பாக இறங்கியிருக்கிறது. மற்றபடி செம்பருந்து சௌக்கியம். அட்டையில் இடுப்பில் கை வைத்து நிற்கிறான். பின்னால் ஆலை எரிகிறது. அணைக்கிற அவசரம் ஒன்றும் அவனுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

ஞாபகம் இல்லாமல் இருக்குமா? வசனமெல்லாம் உனக்கு, டமார் மட்டும் எனக்கு.

ஒன்று சொல்லிவிடுகிறேன், திட்டாதே. நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனாய். அம்மா போன பிறகு அடுப்பைப் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். மதியம் பாத்திரம் கழுவிவிட்டு இதை எடுப்பேன். எழுத்து மறந்துவிடக் கூடாது என்று வசனத்தையும் நானே சத்தமாகப் படித்தேன். அப்போதுதான் அவளைக் கவனித்தேன். புகைக்குள் இரும்புக் கம்பியோடு நிற்கிறாளே, ஆலைப் பெண். கதவைத் திறப்பவள் அவள்தான். செம்பருந்து அதற்குப் பிறகு கூரையைப் பிய்த்துக்கொண்டு வருகிறான். மாலை அவனுக்கு. அவளுக்குப் பெயர்கூட இல்லை. "ஏய், பெண்ணே!" அவ்வளவுதான். அவள் வருகிற ஒவ்வொரு கட்டத்திலும் நீலப் பேனாவால் செம்பருந்துடையது மாதிரியே முகமூடி வரைந்துவிட்டேன்.

இன்னொரு செய்தி. எங்கள் தையல் கம்பெனியில் போன வாரம் தீப்பிடித்தது. முன்பக்கம் நெருப்பு. பின்கதவில் வெளியே பூட்டு. நாங்கள் துணியைத் திருடிவிடுவோமாம், அதனால் தினமும் பூட்டுவார்கள். எல்லாரும் தள்ளினார்கள், கத்தினார்கள். அந்த ஆலைப் பெண் பூட்டை அடிக்க மாட்டாள் அண்ணா, கதவின் கீலை அடிப்பாள். பதினோராம் பக்கம். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நானும் கீலை அடித்தேன். தைத்ததைச் சரிபார்க்கிற செக்கிங் அக்காவுக்குக் கை வெந்துவிட்டது. மற்றவர்கள் இருமிக்கொண்டே வெளியே வந்தோம்.

விசாரணைக்கு அதிகாரி வருகிறாராம். "கதவு தொறந்துதான் இருந்துச்சுன்னு சொல்லணும், புரியுதா? வேலை வேணும்ல?" என்கிறார் மேனேஜர்.

வாலு


பிப்ரவரி 11

அன்புள்ள வாலு,

உயிரோடு இருக்கிறாயே, அது போதும். அதோடு நிறுத்திக்கொள். அதிகாரி ஒரு நாள் வந்துவிட்டுப் போய்விடுவார். அங்கே தினமும் போக வேண்டியவள் நீ. புது வீட்டு வாடகை, அப்பாவின் மருந்து எல்லாவற்றையும் யோசி. எல்லாரையும் காப்பாற்ற நீ என்ன செம்பருந்தா? திறந்திருந்தது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்.

இதழ் விஷயம். சின்னப் பிள்ளை, ஏதோ கிறுக்கிவிட்டாய், பரவாயில்லை. இங்கே ஒருவர் இருக்கிறார். தாளுக்குச் சேதமில்லாமல் பேனா மையை எடுத்துவிடுவார். முகமூடி இருந்த இடமே தெரியாது. உடனே அனுப்பு.

உன் அண்ணன்


மார்ச் 2

அண்ணா,

இடமே தெரியாமல் எடுக்கிற ஆட்கள் இங்கேயும் இருக்கிறார்கள். தீப்பிடித்த மறுநாளே புதுக் கதவு மாட்டி, பெயின்ட்டும் அடித்துவிட்டார்கள்.

அதிகாரி எங்களை வரிசையில் நிற்க வைத்துக் கேட்டார். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் "தொறந்திருந்துச்சு சார்." அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். என் முறை வந்தது.

"பூட்டியிருந்துச்சு சார். நான்தான் ஒடைச்சேன்."

மேனேஜர் சிரித்தார். "இந்தப் பொண்ணு கதைப் புத்தகம் நெறைய படிக்கும் சார்."

"ஆமா சார். அதனாலதான் இவ்ளோ பேர் உயிரோட இங்க நிக்கிறோம்."

பின்னாலிருந்து செக்கிங் அக்கா கட்டுப் போட்ட கையைத் தூக்கினார். "பூட்டித்தான் சார் இருந்துச்சு. வேணும்னா என் கையைக் கேளுங்க." அப்புறம் திறந்திருந்தது என்று சொன்னவர்களே ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்து, பூட்டியிருந்தது என்று மாற்றிச் சொன்னார்கள்.

எனக்கும் அக்காவுக்கும் வேலை போய்விட்டது. வேறு இடம் தேடுகிறோம். அன்றைக்கு அப்பாவே சமைத்தார்.

அட்டையை மட்டும் பிரித்து அனுப்பியிருக்கிறேன். அதில் அவன் மட்டும்தானே இருக்கிறான், உன் அலமாரிக்கு அது போதும். உள்ளே இருப்பவளைத் தர மாட்டேன். உனக்கு அலமாரி நிறையப் புத்தகம். நான் படித்த மிச்சப் பள்ளிக்கூடம் இது ஒன்றுதான். உன்மேல் கோபம் இல்லை. பொய், இருக்கிறது.

வாலு


மார்ச் 24

வாலு,

அட்டை வந்தது. அலமாரியில் அந்த இடத்தில் நிறுத்தினேன். உள்ளே ஒன்றும் இல்லாததால் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. உன் கடிதத்தை நடுவில் வைத்தேன். நின்றது. இரண்டு நாள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். அது இல்லாவிட்டால் உன் பக்கங்கள் கிழிந்துவிடும். உன்னிடமே இருக்கட்டும்.

உறையில் போடும் முன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அவன் தோளுக்குப் பின்னால், ஆலையின் ஒரு ஜன்னலில், அரிசி அளவுக்கு ஒரு முகம். நீ கவனிக்காமல் விட்டிருக்கிறாய். என்னிடம் நீலப் பேனா இருந்தது. முகமூடி கொஞ்சம் கோணலாக வந்துவிட்டது, பொறுத்துக்கொள்.

அப்பாவின் மருந்துச் செலவை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். விடுப்பு கிடைத்ததும் வருகிறேன். புது வீட்டில் மாடிப்படி இருக்கிறதோ இல்லையோ, எங்கேயாவது உட்காருவோம். வசனமெல்லாம் நீ படி.

டமார் நான்.

அண்ணன்