இணைப்பு வரும் வரை

பெப்ரவரி 3, செவ்வாய்
காலையிலேயே கொளுத்தும் வெயில். கடைவாய்ப் பல் வலி. மின்சார அலுவலகத்தில் பத்திரிகையாளர் கூட்டம்.

எஞ்சினியர் மைக் முன்னால்: "சோலர் பரவாததுக்குக் காரணம், மக்களுக்கு விழிப்புணர்வு போதாது."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் பேனையை மூடிவிட்டேன். உக்குவளையில் தங்கச்சி ரிஸானாவின் மிளகாய்த்தூள் மில். கூரை நிறையச் சோலர் தகடு. போன நோன்புக்கு முன்பே பொருத்தியது. மின்சார அலுவலகம் மீட்டர் தரவில்லை, அதனால் இணைப்பு இல்லை. கரண்ட் பில் தாங்காமல் இந்த நோன்போடு மில்லை மூடப்போகிறாள்.

கூட்டம் முடிந்ததும் போய்க் கேட்டேன். தங்கச்சிக்கு மட்டுமல்ல, ஊரில் எல்லாருக்கும் நான் நானா, அதாவது அண்ணன்.

"ட்ரான்ஸ்போமர்ல இன்னொரு சோலருக்கு இடமில்ல நானா. எத்தன தடவ சொல்றது?" பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு. "இடம் வர்ற வரைக்கும் தங்கச்சிய தகட்டு மேல மிளகா காயப்போடச் சொல்லுங்க. வெயில் வீணாப் போகாது."

எல்லாரும் சிரித்தார்கள். தேநீரோடு தந்த பெட்டிஸ் சூடாக இருந்தது. பாதியில் வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 5, வியாழன்
வெயில். குடை மறந்தேன்.

மில்லுக்கு வரும் கம்பியைப் பார்த்துக்கொண்டே வீதியில் நடந்தேன். வளைவு தாண்டி, எஞ்சினியரின் மச்சானுடைய கல்யாண மண்டபம். கூரையில் பளபளவென்று தகடுகள். மதிலில் புது மீட்டர், ஓடுகிறது.

காவலாளி: "போன கிழமதான் பூட்டினாங்க. எஞ்சினியர் ஐயாவே வந்து நின்னாரு."

மில்லுக்கும் மண்டபத்துக்கும் ஒரே ட்ரான்ஸ்போமர். ஓய்வு பெற்ற லைன்காரர் ஒருவரிடம் கேட்டும் உறுதி செய்தேன். படங்கள் எடுத்தாயிற்று. மண்டபத்து மீட்டர் பற்றிப் பதில் கேட்டு எஞ்சினியருக்கு போன். "மீட்டிங்ல இருக்கேன்."

இடம் இருந்திருக்கிறது. அதே வீதியில் மீட்டருக்குக் காத்திருக்கும் பார்மசிக்காரர், டீச்சர், ரிஸானா, இவர்களுக்குத்தான் இல்லை. விழிப்புணர்வாம்.

பல் வலி இல்லை. ஆச்சரியம்.

பெப்ரவரி 6, வெள்ளி
ஜும்ஆத் தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது எஞ்சினியரின் போன். குரலில் சீனி.

"நானா, தங்கச்சிக்கு எப்படியாவது இடம் பாத்துத் தர்றேன். அந்த மண்டபக் கதைய எழுதாதீங்க, என்ன?"

"இணைப்பு வரும் வரைக்கும் எழுத மாட்டேன்."

"அதானே! நீங்க நல்ல மனுசன் நானா."

கடைசிச் சொல்லை மட்டும் கேட்டிருக்கிறார். திருத்தவில்லை.

ரிஸானாவுக்குப் பயம். "இணைப்புத் தந்தாலும், நீங்க எழுதினா வந்து மீட்டரக் கழட்டிருவாங்க நானா."

"கழட்டினா அதுவும் செய்திதான்."

பெப்ரவரி 8, ஞாயிறு
செய்தி எழுதி முடித்தேன். கோபமான சொற்களையெல்லாம் எடுத்துவிட்டேன். இப்போதுதான் கடிக்கிறது. அனுப்பவில்லை. அவசரம் இல்லை.

பெப்ரவரி 11, புதன்
லேசான மேகம். மில்லில் லைன் ஆட்கள். மதியத்துக்குள் மீட்டர் ஓடத் தொடங்கியது. அரவை, தூள், எல்லாருக்கும் தும்மல். ரிஸானா இரண்டு முறை வெளியே வந்து மீட்டரைப் பார்த்தாள்.

எஞ்சினியர் போனில்: "இணைப்பு வந்திருச்சா நானா? இப்ப சந்தோஷம்தானே?"

"வந்திருச்சு. ரொம்ப சந்தோஷம்."

போனை வைத்ததும் செய்தியை அனுப்பினேன். தலைப்பு அவர் தந்ததே, மேற்கோள் குறியோடு: "தகட்டு மேல மிளகா காயப்போடச் சொல்லுங்க."