மஞ்சள் காளான்

மார்ச் 3, செவ்வாய்

அவருடைய ரப்பர் செடித் தொட்டியில் காளான் முளைத்திருக்கிறது. நான்கு. எலுமிச்சைத் தோலின் மஞ்சள், தலையில் மாவு தூவினாற்போல. நேற்று இல்லை.

அவர் போய்ப் பதினொரு மாதம். அவர் வைத்த செடிகளில் மிஞ்சியது இது ஒன்றுதான். இதிலும் மூன்று வாரமாக அடி இலைகள் பழுத்து உதிர்கின்றன. காளான்தான் செடியைத் தின்கிறதா?

அத்தையிடம் காட்டினேன். "இருந்துட்டுப் போகட்டும். இடத்துக்கு வாடகையா கேக்கப் போறோம்?" என்றார். மகன் வைத்த செடி. எப்படி இவரால் இப்படிப் பேச முடிகிறது? இத்தனை மாதத்தில் மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மார்ச் 4

நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் இன்று கூட்டம் இல்லை. தாவரவியல் டீச்சரிடம் கேட்டேன். "தொப்பியைக் கறுப்புத் தாள்ல கவுத்து வெச்சு மூடுங்க. கொட்டுற தூள் என்ன நிறம்னு பாத்தா பாதி ஜாதகம் தெரிஞ்சிரும். அதுவரைக்கும் அழகா இருக்குன்னு வாயில வெச்சுராதீங்க."

மார்ச் 5

காலையில் ஒன்றைக் கிள்ளி, தாளில் கவிழ்த்து, கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையால் மூடிவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்தக் குவளை - சிறுநீரகம் கெட்ட பிறகு, ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லிக்கு மேல் தண்ணீர் கூடாது என்று மருத்துவர் சொன்ன அன்று வாங்கியது. கடைசி நான்கு மாதம் அவருக்குத் தண்ணீர் அளந்தது இதில்தான். இப்போது வாரம் ஒருமுறை செடிக்கு அளக்கிறேன். ‘ஞாயிறு மட்டும்’ என்று தொட்டியில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

மாலை வந்து திறந்தேன். கறுப்புத் தாளில் வெள்ளைத் தூள், சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி.

மார்ச் 6

டீச்சர் தாளையும் காளானையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளைத் தூள், தண்டுல வளையம், ஓரத்துல வரி. பூந்தொட்டியில வர்ற மஞ்சள் காளான்தான். தின்னா வயித்தைக் கலக்கும். செடியை ஒண்ணும் பண்ணாது, மக்கினதைத்தான் தின்னும்."

"அப்போ இலை ஏன் உதிருது?"

"மண்ணு எப்பவும் சொதசொதன்னு இருந்தாதான் இது இப்படி வரும். வேர் அழுகுதுன்னு நினைக்கிறேன். தண்ணியை நிறுத்துங்க."

"வாரத்துக்கு ஒரு தடவைதான் ஊத்துறேன்."

"நீங்க சரி. வேற யாரு?"

மார்ச் 8, ஞாயிறு

இன்று ஊற்றவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டாம் கணு வரை ஈரம்.

மார்ச் 10

அரை நாள் விடுப்பு. மதியம் கதவைத் திறந்தால், அத்தை செம்போடு தொட்டிமுன் குனிந்து நிற்கிறார். தண்ணீர் தட்டில் வழிந்து தரையில் ஓடுகிறது.

அவரே சொன்னார், என்னைப் பார்க்காமல்: "நீ கோடு பாத்து ஊத்துற. என்னால பாத்துட்டு இருக்க முடியலம்மா. ஒரு வாய் தண்ணி குடும்மான்னு அவன் கேட்டான். நீ வேலைக்குப் போனப்பல்லாம் கேட்டான். நான் குடுக்கல. நீ சொல்லிட்டுப் போனியேன்னு குடுக்கல."

நான்தான் சொன்னேன். டாக்டர் சொன்னதைத்தானே சொன்னேன்? குடுத்திருந்தா மூச்சு முட்டியிருக்கும். எல்லாம் சரியாத்தான் செஞ்சோம். சரியா செஞ்சு என்ன ஆச்சு?

அந்த நாட்களில் என்னிடமும் தண்ணீர் கேட்டார். குவளையைத் திருப்பிக் கோட்டைக் காட்டினேன். கோட்டைக் காட்டினேன்.

மார்ச் 11

வேர் அழுகுவதை அத்தையிடம் சொல்ல வேண்டும். இன்றைக்கு நிறுத்தினால்கூடச் செடி பிழைக்கலாம்.

மார்ச் 14

சொல்லவில்லை. காலையில் இரண்டு முறை பக்கத்தில் போய் நின்றேன். ‘தண்ணி குடுக்காதீங்க’ என்று அத்தையிடம் இந்த வாயால் ஒரு முறை சொல்லியாயிற்று. மறுபடி வரவில்லை.

மார்ச் 20

இரண்டு இலைதான் மிச்சம்.

மார்ச் 29, ஞாயிறு

கடைசி இலையும் விழுந்துவிட்டது. தண்டை அழுத்தினால் விரல் பதிகிறது. அதைச் சுற்றி மறுபடியும் காளான், இந்த முறை ஆறு.

அத்தை செம்போடு வந்தார். நான் குவளையை நிரப்பிக்கொண்டு போனேன். கோட்டைப் பார்க்கவில்லை. அவர் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.